ஆறப்போடும் சட்டம்

தமிழில் ‘மருந்து’ என்ற சொல் இரண்டு வேலை பார்க்கிறது. மருத்துவர் சீட்டில் எழுதித் தருவது மருந்து. ஸ்பிரேயரை முதுகில் மாட்டிக்கொண்டு வயலில் அடிப்பதும் மருந்து. “நாளைக்கு மருந்து அடிக்கணும்” என்று விவசாயி சொன்னால் யாரும் மாத்திரையை நினைப்பதில்லை. “மருந்தைக் குடிச்சிட்டாங்க” என்று ஒரு வீட்டிலிருந்து குரல் எழுந்தால், என்ன மருந்து என்று தெருவில் யாரும் கேட்பதில்லை. யார் வீட்டு வாசலில் வண்டி நிற்கிறது என்று பார்த்து ஓடுவார்கள்.

அடித்தது போக மிஞ்சிய மருந்து வீட்டுக்குத்தான் வரும். கால் பாட்டிலோ அரை பாட்டிலோ, காசு கொடுத்து வாங்கியதைக் கொட்ட மனம் வராது. பிள்ளைகள் கைக்கு எட்டாமல் எரவாணத்தில் செருகி வைப்பார்கள். இல்லையென்றால் உர மூட்டைக்குப் பின்னால் கிடக்கும். அடுத்த நடவு வரை அது அங்கேயே இருக்கும். அந்த வீட்டில் சண்டை நடக்கும் நாளிலும், கடன்காரர் வாசலில் நின்று கத்திவிட்டுப் போகும் நாளிலும், பிள்ளையின் தேர்வு முடிவு வரும் நாளிலும் அது அங்கேயேதான் இருக்கும்.

தற்கொலைத் தடுப்பு என்றதும் நமக்கு ஆலோசனையும் மனநல மருத்துவரும் நினைவுக்கு வருகிறார்கள். இரண்டும் தேவை. ஆனால் ஒரு நாடு தன் தற்கொலை விகிதத்தை 20 ஆண்டுகளில் மூன்றில் ஒரு பங்குக்குக் கீழே கொண்டுவந்தது அந்த எரவாணத்து பாட்டிலைக் கவனித்ததால்தான். நமக்குப் பக்கத்தில் இருக்கும் இலங்கைதான் அந்த நாடு.

இரண்டு எண்களின் பெருக்கல்

பசுமைப் புரட்சியோடு 1960களில் இலங்கையின் வயல்களுக்கும் தோட்டங்களுக்கும் பூச்சிக்கொல்லிகள் பெருமளவில் வந்து இறங்கின. 1950க்கும் 1995க்கும் இடையில் அந்நாட்டின் தற்கொலை விகிதம் எட்டு மடங்கானது. 1995இல் லட்சம் பேருக்கு 47. உலகின் மிக உயர்ந்த விகிதங்களில் அதுவும் ஒன்று.

இதை முதலில் எண்ணிப் பார்த்தவர்களில் மருத்துவர் ஜெயரத்தினம் முக்கியமானவர். அவரும் சகாக்களும் 1982இல் உலகச் சுகாதார நிறுவனத்தின் இதழில் வெளியிட்ட ஆய்வின்படி, இலங்கையில் ஆண்டுக்குச் சுமார் 13,000 பேர் பூச்சிக்கொல்லி நஞ்சால் மருத்துவமனையில் சேர்ந்தார்கள். அவர்களில் சுமார் 1,000 பேர் இறந்தார்கள். மருந்து அடிக்கும்போது தவறுதலாக உடம்பில் ஏறியது சிறு பகுதிதான். பெரும்பகுதி, தாமே அருந்தியது.

இங்கே ஒரு எளிய கணக்கு உண்டு. தற்கொலையால் நேரும் மரணங்களின் எண்ணிக்கை இரண்டு எண்களின் பெருக்கல். எத்தனை பேர் முயல்கிறார்கள் என்பது ஒன்று. முயல்பவர்களில் எத்தனை பேர் பிழைக்காமல் போகிறார்கள் என்பது மற்றொன்று. முதல் எண்ணைக் குறைக்க வறுமை, குடி, குடும்பச் சண்டை, மனச்சோர்வு எல்லாவற்றோடும் மல்லுக்கட்ட வேண்டும். அது தலைமுறைக் கணக்கில் நடக்கும் வேலை. இரண்டாவது எண் பெரும்பாலும் ஒரே விஷயத்தைப் பொறுத்தது: அந்த நேரத்தில் கைக்கு எட்டும் தூரத்தில் என்ன இருக்கிறது என்பதை.

மேலை நாட்டு நகரத்தில் அதே மனநிலையில் இருந்த ஒருவருக்குக் கையில் கிடைத்தது, மருத்துவமனையில் பெரும்பாலும் காப்பாற்றிவிடக்கூடியதாக இருந்தது. இலங்கைக் கிராமத்தில் கிடைத்தது அப்படியல்ல. இருவருடைய துயரமும் ஒரே அளவுதான். ஒருவர் மறுநாள் வெட்கப்பட்டுக்கொண்டு வீடு திரும்பினார், மற்றவர் திரும்பவில்லை.

அரை மணி நேரம்

இலங்கையின் கிராமப்புற மருத்துவமனைகளில் நஞ்சருந்தி உயிர் தப்பியவர்களிடம் மருத்துவ ஆய்வாளர் மைக்கேல் எடில்ஸ்டனும் அவருடைய குழுவினரும் உட்கார்ந்து பேசினார்கள். 2006இல் வெளியான அந்த ஆய்வில் இரண்டு கேள்விகள் முக்கியமானவை. ஏன் இதைத் தேர்ந்தெடுத்தீர்கள்? எவ்வளவு நேரம் யோசித்தீர்கள்?

முதல் கேள்விக்குப் பெரும்பாலோர் சொன்ன பதில், அதுதான் கைக்குக் கிடைத்தது என்பது. தாங்கள் அருந்தியது எவ்வளவு கொடியது என்றே பலருக்குத் தெரியவில்லை. இரண்டாவது கேள்விக்குப் பாதிக்கும் மேற்பட்டவர்களின் பதில், அரை மணி நேரத்துக்கும் குறைவு.

நாள் கணக்காகத் திட்டமிட்டு, கடிதம் எழுதிவைத்து, அமைதியாக முடிவெடுத்தவர் என்று சினிமாவும் கதைகளும் நம் மனத்தில் வரைந்து வைத்திருக்கும் உருவம் இவர்களில் பலருக்குப் பொருந்தவில்லை. உள்ளே நீண்ட நாளாகப் புழுங்கியது ஏதாவது இருந்திருக்கலாம், மனச்சோர்வு இருந்திருக்கலாம். ஆனால் அந்தச் செயல் ஓர் அலைபோல எழுந்து வந்தது. எழுந்த அலை இறங்கவும் செய்யும். ஒருமுறை முயன்று உயிர் தப்பியவர்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வுகள், அவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் பின்னாளில் தற்கொலையால் இறக்கவில்லை என்று காட்டுகின்றன. தப்பியவர்களுக்கு மீண்டும் ஆபத்து வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம்தான். அவர்களை விடாமல் கவனிக்க வேண்டும். இருந்தாலும் மிகப் பெரும்பாலோர் வாழ்ந்துவிடுகிறார்கள்.

நம் வீடுகளில் பெரியவர்கள் இதற்கு ஒரு சொல் வைத்திருக்கிறார்கள்: ஆறப்போடு. பங்காளிச் சண்டையோ, கல்யாணப் பேச்சில் வந்த கசப்போ, “கொஞ்சம் ஆறப்போடு, காலையில பேசிக்கலாம்” என்பார்கள். பிரச்சினை காலையில் தீர்ந்துவிடும் என்று அவர்கள் சொல்வதில்லை. காலையில் இருக்கும் மனிதர் வேறொருவராக இருப்பார் என்பதுதான் அதன் உள்ளர்த்தம். இலங்கை அரசு செய்ததும் இந்த ஆறப்போடும் வேலைதான். அதை அது சட்டத்தால் செய்தது.

பதிவாளரின் பேனா

1980ஆம் ஆண்டின் 33ஆம் எண் சட்டம் இலங்கையில் பூச்சிக்கொல்லிகளின் பதிவாளர் என்ற பதவியை ஏற்படுத்தியது. எந்த மருந்து நாட்டுக்குள் வரலாம், எது வரக்கூடாது என்பதை முடிவுசெய்யும் அதிகாரம் ஓரிடத்தில் சேர்ந்தது. 1984இல் மிகக் கொடிய சில மருந்துகள் விலக்கப்பட்டன. உலகச் சுகாதார நிறுவனம் ‘முதல் வகை’ என்று வகைப்படுத்தியிருக்கும் அதிநஞ்சுகளில் மிச்சமிருந்தவை 1995இல் விலக்கப்பட்டன.

விவசாயிகள் வேறு மருந்துக்கு மாறினார்கள். மாறியவற்றில் ஒன்று எண்டோசல்ஃபான். காசர்கோட்டு முந்திரித் தோட்டங்களின் வழியாக நாம் நன்றாக அறிந்த பெயர். மருத்துவமனைப் படுக்கைகளில் இப்போது அதன் பெயர் எழுதப்பட்டது. 1998இல் அதற்கும் தடை வந்தது. 2008 முதல் 2011க்குள் இன்னும் மூன்று மருந்துகள் படிப்படியாகப் போயின. எந்த மருந்து ஆளைக் கொல்கிறது என்று மருத்துவமனைப் பதிவேடு சொல்லும். பதிவாளர் அதை நீக்குவார். மறுபடி பதிவேட்டைப் பார்ப்பார்கள். பரபரப்பு இல்லாத இந்த அலுவலக வேலை கால் நூற்றாண்டுக்கு மேல் நடந்தது.

1995இல் 47ஆக இருந்த விகிதம் 2005இல் 24 ஆனது. 2015இல் 14க்குச் சற்று மேல். 1996 முதல் 2005 வரையிலான பத்தாண்டில், அதற்கு முந்தைய பத்தாண்டோடு ஒப்பிட்டால் தற்கொலை மரணங்கள் 19,700க்கு மேல் குறைந்திருந்தன. 1995 முதல் 2015 வரை இந்தத் தடைகள் காப்பாற்றிய உயிர்கள் சுமார் 93,000 என்பது மதிப்பீடு. ஓர் உயிருக்கு அரசு செலவிட்டது 50 டாலருக்கும் குறைவு என்று கணக்கிட்டிருக்கிறார்கள்.

இந்த ஆண்டுகளில் இலங்கையில் துயரம் குறைந்துவிட்டதா? போர் நடந்தது, சுனாமி வந்தது. வேலையின்மை, மணமுறிவு, மது, போர் என்று ஒவ்வொன்றாக எடுத்து ஆய்வாளர்கள் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். எதுவும் இந்தச் சரிவோடு ஒட்டவில்லை. நஞ்சருந்தி மருத்துவமனைக்கு வருவோர் எண்ணிக்கையும் அதற்கேற்பக் குறையவில்லை. வந்தவர்களில் வீடு திரும்பியவர்கள்தான் கூடினார்கள். மருத்துவமனைச் சிகிச்சை மேம்பட்டதற்கும் இதில் பங்குண்டு. ஆனால் வரைபடத்தின் கோடு படியிறங்கிய இடங்கள் தடை வந்த ஆண்டுகளை ஒட்டியே இருக்கின்றன.

விளைச்சல் என்ன ஆனது என்பது நியாயமான கேள்வி. தடை வந்த ஆண்டுகளின் விளைச்சலை ஆராய்ந்தவர்கள் வீழ்ச்சி எதையும் காணவில்லை. ஒவ்வொரு மருந்தை எடுக்கும்போதும் அதே பூச்சிக்கு நஞ்சு குறைந்த மாற்று கடையில் இருந்தது. இதே இலங்கை 2021இல் ரசாயன உரம், பூச்சிக்கொல்லி இறக்குமதி அனைத்தையும் ஒரே அறிவிப்பில் நிறுத்தி, விளைச்சல் சரிந்து, விவசாயிகள் தெருவுக்கு வந்து, அந்த ஆண்டு முடிவதற்குள் பின்வாங்கியதையும் பார்த்தோம். தடைசெய்வது என்னவோ இரண்டு முறையும் நடந்ததுதான். ஒரு முறை பதிவேட்டைப் பார்த்து ஒவ்வொன்றாக. மறுமுறை மாற்று இல்லாமல் மொத்தமாக.

“போறவன் எப்படியும் போவான்”

இந்தக் கதையை டீக்கடையில் சொன்னால் உடனே ஒரு பதில் வரும்: “போறவன் எப்படியும் போவான், இது இல்லேன்னா வேற வழி தேடுவான்.” கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. சோதித்துப் பார்த்தால் நிற்பதில்லை.

முதல் சோதனை யாரும் திட்டமிடாமலே பிரிட்டனில் நடந்தது. அங்கே ஒரு காலத்தில் வீட்டு அடுப்புக்குக் குழாயில் வந்தது நிலக்கரியிலிருந்து எடுத்த வாயு. அதில் கார்பன் மோனாக்சைடு கலந்திருந்தது. 1960களின் தொடக்கத்தில் இங்கிலாந்து, வேல்ஸ் பகுதிகளின் தற்கொலை மரணங்களில் ஐந்தில் இரண்டு பங்கு அதனால் நேர்ந்தவை. பிறகு சிக்கனம் கருதி வாயுவின் தயாரிப்பு முறை மாறியது. வடகடலில் இயற்கை வாயு கிடைத்ததும் வீடு வீடாக இணைப்பு மாற்றப்பட்டது. உயிர்களைக் காப்பது யாருடைய நோக்கமும் அல்ல. ஆனால் 1963இல் 5,714ஆக இருந்த தற்கொலைகள் 1975இல் 3,693 ஆயின. வேலையின்மை கூடிக்கொண்டிருந்த காலம் அது. ஒரு வழி அடைபட்டபோது சிலர் வேறு வழிக்குப் போயிருப்பார்கள். பெரும்பாலோர் போகவில்லை என்பதை இந்த இரண்டு எண்களும் சொல்கின்றன.

பங்களாதேஷ் 2000ஆம் ஆண்டில் முதல் வகை நஞ்சுகளை விலக்கிய பிறகு அங்கும் பூச்சிக்கொல்லி மரணங்கள் பெரிதும் குறைந்தன. தென்கொரியா 2012இல் ஒரு களைக்கொல்லியின் விற்பனையை நிறுத்தியது; 2011க்கும் 2013க்கும் இடையில் அங்கே பூச்சிக்கொல்லித் தற்கொலைகள் ஏறக்குறைய பாதியாகின.

பூட்டு தோற்ற இடம்

தடை எதற்கு, மருந்தைப் பெட்டியில் வைத்துப் பூட்டினால் போதாதா? இதையும் சோதித்தார்கள். இலங்கையின் வட மத்திய மாகாணத்தில் 180 கிராமங்கள், 53,000க்கு மேற்பட்ட வீடுகள். சீட்டுக் குலுக்குவதுபோலப் பாதிக் கிராமங்களைத் தேர்ந்தெடுத்து, விவசாய வீடுகளுக்குப் பூட்டுப் பெட்டி கொடுத்தார்கள். 2017இல் ‘லான்செட்’ இதழில் முடிவு வந்தது: பெட்டி கொடுத்த ஊருக்கும் கொடுக்காத ஊருக்கும் வேறுபாடு இல்லை.

யோசித்துப் பார்த்தால் காரணம் புரியும். பெட்டி வீட்டில் இருக்கிறது, சாவியும் வீட்டில் இருக்கிறது. அது எந்த ஆணியில் தொங்குகிறது என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அரை மணி நேர அலையை அந்தச் சாவி தடுக்காது.

தமிழ்நாட்டில் வேறொரு வகையாக முயன்றார்கள். மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமாரும் சென்னையின் ‘சிநேகா’ தற்கொலைத் தடுப்பு அமைப்பினரும் கடலூர் மாவட்டம் காட்டுமன்னார்கோவில் பகுதிக் கிராமங்களில் மருந்துக்கென்று பொதுவான சேமிப்பிடம் அமைத்தார்கள். வங்கி லாக்கர் போல ஆளுக்கு ஒரு பெட்டி. வயலுக்குப் போகும்போது எடுக்கலாம். அடித்துவிட்டு மிச்சத்தைத் திரும்ப வைத்துவிட வேண்டும். மருந்து வீட்டுப் படியேறுவதில்லை. சிறிய ஆய்வுதான், ஆனால் முடிவு நம்பிக்கை தருவதாக இருந்தது. விவசாயிகளும் அதை ஏற்றுக்கொண்டார்கள். அவசரத்துக்கும் பாட்டிலுக்கும் நடுவே ஒரு தெருவும் ஒரு மனிதரும் வந்துவிடுகிறார்கள். வீட்டுப் பெட்டியில் இல்லாதது அதுதான்.

அறுபது நாள் தடை

இந்தியாவில் 2022இல் பதிவான தற்கொலை மரணங்கள் 1,70,924. மகாராஷ்டிரத்துக்கு அடுத்து தமிழ்நாடு: 19,834. அந்த ஆண்டு நவம்பர் 21 அன்று நாட்டின் முதல் தேசியத் தற்கொலைத் தடுப்புக் கொள்கை வெளியானது. 2030க்குள் தற்கொலை மரணங்களை 10 விழுக்காடு குறைப்பது அதன் இலக்கு. மூன்று ஆண்டுகளில் கண்காணிப்பு முறை, ஐந்து ஆண்டுகளில் எல்லா மாவட்டங்களிலும் தற்கொலைத் தடுப்புக்கான மனநலப் புறநோயாளிப் பிரிவு, எட்டு ஆண்டுகளில் கல்வி நிலையங்களில் மனநலப் பாடம் என்று கால அட்டவணையும் போட்டிருக்கிறார்கள். வழிகளைக் கட்டுப்படுத்துவதும் அதில் இடம்பெற்றிருக்கிறது.

ஆனால் இலங்கைப் பதிவாளரின் பேனா இங்கே இரண்டாக உடைந்து கிடக்கிறது. 1968ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லிச் சட்டத்தின்படி ஒரு மருந்தை நிரந்தரமாக விலக்கும் அதிகாரம் மத்திய அரசிடம் இருக்கிறது. மாநில அரசு 60 நாட்களுக்கு நிறுத்தலாம். இன்னும் 30 நாட்கள் நீட்டிக்கலாம். அவ்வளவுதான். தமிழ்நாடு அரசு 2022-23இல் தற்கொலைகளைக் காரணம் காட்டி ஆறு பூச்சிக்கொல்லிகளின் விற்பனையை 60 நாட்களுக்குத் தடைசெய்தது. நஞ்சருந்தியவரைத் தூக்கி வரும் ஆம்புலன்ஸ் மாநிலத்துடையது. அவர் படுக்கும் அரசு மருத்துவமனை மாநிலத்துடையது. அந்த பாட்டிலின் பதிவு வேறெங்கோ இருக்கிறது.

தீராத வயிற்று வலி

பழைய நாளிதழ்களைப் புரட்டியவர்களுக்கு ஒரு வரி நன்றாகப் பழக்கம்: “தீராத வயிற்று வலியால் அவதிப்பட்டு வந்தவர்…” இத்தனை பேருக்கு எப்படி ஒரே வயிற்று வலி என்று சிறுவயதில் வியந்ததுண்டு. அந்த வரிக்குப் பின்னால் சில வேளை ஒரு சட்டப் பிரிவு இருந்தது. 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டம், பிரிவு 309: தற்கொலைக்கு முயல்வது குற்றம். உயிர் பிழைத்தால் போலீஸ் கேஸ், இறந்தால் விசாரணை. மானம் போகுமே, பெண்ணுக்கு மாப்பிள்ளை கிடைக்காதே என்று குடும்பங்கள் உண்மையை மறைத்தன. முயன்றவர் மருத்துவரிடமே பொய் சொன்னார்; மனநலச் சிகிச்சை கிடைக்க வேண்டிய முதல் வாய்ப்பு அங்கேயே கைநழுவியது.

இலங்கை தன் சட்டத்திலிருந்து அந்தக் குற்றத்தை 1998இல் நீக்கியது. இந்தியாவில் 2017ஆம் ஆண்டின் மனநலச் சட்டம், முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கருத வேண்டும், அவரைத் தண்டிக்கக் கூடாது, அவருக்குச் சிகிச்சை தருவது அரசின் கடமை என்றது. 2018 மே மாதம் அது நடைமுறைக்கு வந்தது. 2024 ஜூலையில் அமலான பாரதிய நியாய சன்ஹிதாவில் பழைய 309 இல்லை. அரசு ஊழியரைக் கட்டாயப்படுத்துவதற்காகவோ தடுப்பதற்காகவோ முயல்வதை மட்டும் அது குற்றமாக வைத்திருக்கிறது. சட்டம் மாறிவிட்டது. ஆனால் வாசலில் காக்கிச் சட்டை வந்து நிற்கும் என்ற பயம் வீடுகளில் இன்னும் முழுதாகப் போகவில்லை.

ஆறப்போடும் தத்துவம் பூச்சிக்கொல்லியோடு நின்றுவிடவில்லை. பத்தாம் வகுப்பிலும் பன்னிரண்டிலும் ஒரு பாடத்தில் தவறிய பிள்ளைக்கு முன்பெல்லாம் ஓர் ஆண்டு வீணாகும். கூடப் படித்தவர்கள் கல்லூரிக்குப் போக, அது வீட்டில் உட்கார்ந்திருக்கும். தமிழ்நாட்டில் இப்போது முடிவு வந்த சில வாரங்களிலேயே துணைத்தேர்வு. எழுதித் தேறினால் அதே ஆண்டு தோழர்களோடு சேர்ந்துகொள்ளலாம். இந்த ஏற்பாட்டுக்காக வாதாடியவர்களில் லட்சுமி விஜயகுமாரும் ஒருவர். வினாத்தாள் எளிதாகவில்லை, பாடத்திட்டம் குறையவில்லை. முடிவு வந்த அன்றைய இரவில் அந்தப் பிள்ளைக்கு எண்ணிப் பார்க்க ஒரு தேதி கிடைத்தது.

இத்தனையும் சொன்ன பிறகு ஓர் எச்சரிக்கை. ஆறப்போட்டுக் கிடைத்த நேரத்தில் போய்ச் சேர ஓர் இடம் வேண்டும். 2015-16இல் பெங்களூரின் நிம்ஹான்ஸ் மனநல நிறுவனம் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பில், மனநலச் சிக்கல் உள்ளவர்களில், சிக்கலின் வகையைப் பொறுத்து, 70 முதல் 92 விழுக்காட்டினர் சிகிச்சைக்கு வெளியே இருந்தார்கள். லட்சம் பேருக்கு ஒரு மனநல மருத்துவர்கூட நம்மிடம் இல்லை. 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் என்ற மனநலத் தொலைபேசிச் சேவை இந்தப் பள்ளத்தின் மேல் போட்ட ஒரு பலகை. பாலம் இனிமேல்தான் கட்ட வேண்டும். குடும்பப் பிரச்சினைகளும் நோயும்தான் நாட்டின் தற்கொலைகளுக்குப் பதிவான காரணங்களில் பாதி. அவற்றுக்குத் தடை உத்தரவு போட முடியாது.

கொடிய நஞ்சுகளை விலக்குவதில் அரசுகளுக்கு ஏன் இவ்வளவு தயக்கம் என்று யோசிக்கும்போது எனக்குத் தோன்றுவது இதுதான்: இந்தத் திட்டத்துக்குத் திறப்பு விழா கிடையாது. மேடையில் நிறுத்திச் சால்வை போர்த்தப் பயனாளி கிடையாது. இலங்கையில் பிழைத்த அந்த 93,000 பேரில் ஒருவருக்குக்கூட அது தாம்தான் என்று தெரியாது. ஒரு நாள் வீட்டில் சண்டை வந்தது. பாட்டிலில் இருந்தது பழைய மருந்து இல்லை. மருத்துவமனையில் மூன்று நாள் கிடந்துவிட்டு வீட்டுக்கு வந்தார்கள். பிறகு மகளுக்குக் கல்யாணம் செய்திருப்பார்கள், வயலுக்குப் போயிருப்பார்கள், மறுபடியும் சண்டை போட்டிருப்பார்கள். எங்கோ ஒரு கோப்பில் யாரோ போட்ட கையெழுத்து அந்த வீட்டுக்குள் வந்து போனதை அவர்கள் அறியமாட்டார்கள்.

*மனம் தாங்க முடியாத நிலையில் இருப்பவர்களும் அவர்களுக்காகக் கவலைப்படுபவர்களும் பேசலாம்: டெலி மானஸ் 14416 (இந்தியா முழுவதும், தமிழிலும்), தமிழ்நாடு அரசு உதவி எண் 104, சிநேகா, சென்னை 044-24640050, இலங்கையில் தேசிய மனநல நிறுவனத்தின் உதவி எண் 1926.*